ஒன்றே முக்கால் ரூபாய் முதல்
பத்திராதிபர் ஜி. சுப்பிரமணிய ஐயர் வரலாறு



கடையில் அமர்ந்திருக்கும் நம் போன்றவர்களுக்குப் பத்திரிகை என்றால் காலையில் சரக்கு விலையும் நாணய மாற்றும் பார்ப்பதற்கு. மாலையில் பொட்டலம் மடிப்பதற்கு. இடையில் ஓய்வு கிடைத்தால் கோர்ட்டுச் செய்திகளை ஒரு பார்வை பார்ப்போம். எந்தக் கம்பெனி முறிந்தது, யார் மீது யார் வழக்குப் போட்டார், என்ன தீர்ப்பாயிற்று என்று தெரிந்து கொள்வதில் வியாபாரிக்கு ஆவல் அதிகம். ஆனால் கோர்ட்டில் நடப்பதைக் கோர்ட்டுக்கு வெளியே நிற்கும் மனிதனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று துணிந்து, அதற்காகத் தன் சொத்தையும் சுகத்தையும் செலவழித்தவர்கள் முற்காலத்தில் இருந்தார்கள் என்பதை நாம் நினைப்பதில்லை.

அவர்களில் தமிழருக்கு முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலத்தில் 'ஹிந்து', தமிழில் 'சுதேசமித்திரன்' என்ற இரண்டு பெரும் பத்திரிகைகளுக்கு அவர் மூலகர்த்தர். இரண்டில் முதலாவது, ஹைகோர்ட்டு ஜட்ஜு நியமனம் ஒன்றைப் பற்றி எழுந்த சச்சரவில்தான் பிறந்தது. அவருடைய பொதுவாழ்வோ, கடைசியில் ஒரு ராஜத்துரோக வழக்கில் அடங்கியது. கோர்ட்டில் தொடங்கிக் கோர்ட்டில் முடிந்த வாழ்க்கை என்றே சொல்லலாம். வியாபாரிகளாகிய நமக்கு அதில் கற்றுக் கொள்ள வேண்டிய விஷயங்கள் பல இருப்பதால், நமக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

பிறப்பும் படிப்பும்

தஞ்சை ஜில்லாவில் காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தகப்பனார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். ஆகவே வாதி, பிரதிவாதி, வாய்தா, டிக்கிரி என்ற சொற்கள் பிள்ளைப் பிராயத்திலேயே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் மிஷன் கலாசாலையில் படித்து, பிறகு சென்னைக்கு வந்து உபாத்தியாயர் பயிற்சி பெற்றார். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மற்ற நேரத்தில் தாமாகவே படித்து 1877-ல் பி.ஏ. பரீட்சையில் தேறினார். பெரிய குடும்பம், சிறிய சம்பளம். அப்படிப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் தேடிப் போவதே வழக்கம். இவரும் போயிருந்தால் ஒரு டிப்டி கலெக்டராகப் பென்ஷன் வாங்கி இருப்பார். நாமும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஹைகோர்ட்டு ஜட்ஜு நியமனம்

சென்னை ஹைகோர்ட்டு 1862-ல் ஏற்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அதே ஆண்டில் ஹைகோர்ட்டுகள் ஏற்பட்டன. கல்கத்தாவில் மறு ஆண்டே, அதாவது 1863-ல், சம்புநாத் பண்டிதர் என்ற இந்தியர் ஜட்ஜு பீடத்தில் அமர்ந்து விட்டார். சென்னையிலோ பதினைந்து வருஷம் கழிந்தும் எல்லா ஜட்ஜுகளும் வெள்ளைக்காரர்களாகவே இருந்தார்கள். வழக்காடுகிறவன் இந்தியன், சாட்சி சொல்லுகிறவன் இந்தியன், வக்கீல்களிலும் இந்தியர் உண்டு, தீர்ப்புச் சொல்லுகிறவர் மட்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்.

1878-ல் திருவாரூர் முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டு ஜட்ஜாக நியமிக்கப்பட்டார். இவர் சாதாரண மனிதர் அல்லர். இளமையில் தகப்பனாரை இழந்து, கிராமக் கணக்கு எழுதுகிற வேலையில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு அமர்ந்தவர். அறிவினாலும் உழைப்பினாலும் படிப்படியாக உயர்ந்து, சென்னையில் ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜாக வந்தார். நம்மைப் போன்ற கடைக்காரர்களின் சில்லறைக் கடன் வழக்குகள் வருகிற கோர்ட்டு அதுதான். அங்கிருந்து ஹைகோர்ட்டுக்கு ஏறினார்.

ஒரு ரூபாய்க் கணக்குப்பிள்ளை ஹைகோர்ட்டு ஜட்ஜாவதைக் கண்டு ஊரார் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சென்னையில் வெள்ளையர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது பொறுக்கவில்லை. அந்த ஸ்தானத்துக்குச் சுதேசி ஒருவர் தகுந்தவர்தானா என்று கேட்டுக் கண்டித்து எழுதின. இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வாறு எழுதியதற்குத் தக்க பதில் எழுத வலுவான பத்திரிகை இந்தியர் கையில் இல்லை. சந்தையில் நம் சரக்கைக் கெட்டது என்று ஒருவன் கூவுகிறான். நமக்கோ வாய் இல்லை. நிலைமை இதுதான்.

ஒன்றே முக்கால் ரூபாய்

அப்பொழுது திருவல்லிக்கேணியில் படித்த வாலிபர்கள் கூடிப் பேசுகிற இலக்கியச் சங்கம் ஒன்று இருந்தது. அதில் ஆறு பேர் ஒன்று சேர்ந்தார்கள். சுப்பிரமணிய ஐயரும் அவருடைய நண்பர் வீரராகவாச்சாரியாரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், கேசவராவ் பந்த், சுப்பராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்டம் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

ஆறு பேரிடமும் பணம் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். கணக்கில் ஒன்றே முக்கால் ரூபாய். அதைக் கொண்டு கறுப்பர் பட்டணத்தில், தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில் எண்பது பிரதி அச்சிட்டார்கள். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி 'ஹிந்து' வாரப் பத்திரிகையாக வெளிவந்தது.

ஒன்றே முக்கால் ரூபாய் முதலில் நம்மில் யாராவது கடை வைப்போமா? அக்காலத்தில் ஒரு கூடை வெற்றிலை வாங்கி விற்றிருக்கலாம். அதற்கு மேல் முடிந்திராது. ஆனால் அந்த முதலுடன் சேர்ந்த வேறொரு முதல் அவர்களிடம் இருந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கிறது, அதை மரியாதையாகவும் தைரியமாகவும் எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கையே அது.

பத்திரிகையை ஆங்கிலத்தில் நடத்தியதற்கும் காரணம் உண்டு. நாட்டை ஆள்கிறவர்கள் காதில் விழ வேண்டுமானால் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். மேலும் அதே 1878-ல் வைசிராய் லிட்டன் பிரபு சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்குவதற்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தார். தாய்மொழியில் எழுதும் பத்திரிகைக்காரரிடம் ஜாமீன் கேட்கவும், அச்சு யந்திரத்தைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டத்தில் இடம் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது பொருந்தாது.

முத்துசாமி ஐயரோ தம்மைப் பற்றிய சச்சரவுக்குத் தம்முடைய தீர்ப்புகளாலேயே பதில் சொன்னார். பதினாறு வருஷத்துக்கு மேல் ஜட்ஜாக இருந்து, 1893-ல் சில மாதம் தலைமை ஜட்ஜு ஸ்தானத்தையும் வகித்து, 1895-ல் காலமானார். எதிர்த்து எழுதியவர்களும் பிற்காலத்தில் அவருடைய நீதியை மெச்சினார்கள். அலகாபாத் ஹைகோர்ட்டில் 1882-ல் தற்காலிகமாகவும் 1887-ல் நிரந்தரமாகவும் அமர்ந்த சையித் மஹ்மூத், பம்பாய் ஹைகோர்ட்டில் 1895-ல் அமர்ந்த பத்ருத்தீன் தையப்ஜி ஆகிய நம் சமுதாயப் பெரியார்களுக்கும் இதே போன்ற கதவுகளே திறக்க வேண்டி இருந்தன. ஆகையால் சென்னையில் நடந்த சச்சரவை ஒரு ஜாதியாரின் சொந்த விஷயம் என்று நாம் ஒதுக்கி விடக் கூடாது.

பேனாவும் கோர்ட்டும்

சட்ட மாணவர் நால்வரும் பரீட்சை தேறி வக்கீல் தொழிலுக்குப் போய் விட்டார்கள். மிஞ்சியவர்கள் இருவரே. சுப்பிரமணிய ஐயர் எழுதுவார். வீரராகவாச்சாரியார் சந்தா, அச்சுக்கூலி, காகிதம் ஆகிய கணக்குகளைப் பார்ப்பார். ஒருவர் சரக்குக்கும் ஒருவர் பெட்டிக்கும் பொறுப்பு என்று கூட்டுக்கடை நடத்துவது போலத்தான். 1883-ல் வாரம் மூன்று முறையாகவும், 1889-ல் தினசரியாகவும் பத்திரிகை வளர்ந்தது. மவுண்ட் ரோட்டில் சொந்த அச்சுக்கூடமும் ஏற்பட்டது.

ஐயர் ஹைகோர்ட்டில் வழக்காடிய வக்கீல் அல்லர். ஆனால் கோர்ட்டின் போக்கைக் கண்காணித்து வந்தார். ஜட்ஜு நியமனம் நியாயமாக இருக்கிறதா, போலீசார் கொண்டு வரும் சாட்சியம் நம்பத் தகுந்ததா, கீழ்க்கோர்ட்டில் தவறு நேர்ந்தால் மேல்கோர்ட்டு திருத்துகிறதா என்றெல்லாம் எழுதினார். ஹைகோர்ட்டில் புகழ் பெற்ற பாரிஸ்டரான எர்ட்லி நார்ட்டன் என்ற ஆங்கிலேயரும் அவருடைய பத்திரிகையில் தொடர்ந்து எழுதி வந்தார். வெள்ளையர் என்ற காரணத்துக்காக யாரையும் தள்ளி வைக்கவில்லை என்பதற்கு இது சாட்சி.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1882-ல் சேலத்தில் மசூதி ஒன்றின் சம்பந்தமாக எழுந்த தகராறு இந்து முஸ்லிம் கலகமாக முற்றியது. இரு திறத்தாருக்கும் கஷ்ட நஷ்டம் ஏற்பட்டது. கலகத்தைத் தூண்டினார் என்று சேலம் விஜயராகவாச்சாரியார் மீது வழக்கு வந்து, பத்து வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் அப்பீல் ஆகி அவர் விடுதலை பெற்றார். 'ஹிந்து' பத்திரிகை அவர் பக்கம் நின்று எழுதியது. பெயரே அப்படி இருக்க, அது தன் கூட்டத்தாருக்குத்தானே பேசும் என்று நம்மவர் ஒருவர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

நாம் இவ்வாறு நினைக்கிறோம். கலகத்தில் நம் சமுதாயத்தார் பட்ட துன்பம் உண்மை. ஆனால் ஒருவன் துன்பப்பட்டதற்காக மற்றொருவனைச் சரியான சாட்சியம் இல்லாமல் பத்து வருஷம் அடைத்து வைத்தால் துன்பம் இரண்டாகுமே தவிர ஒன்று குறையாது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை மேல்கோர்ட்டு மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று அவனுக்குப் பயன்படும்; நாளை நமக்கும் பயன்படும். தராசு ஒன்றுதான், அதில் வைக்கும் சரக்குத்தான் மாறும். அன்றியும் 1887-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தலைமை வகித்தவர் பத்ருத்தீன் தையப்ஜி. அந்தச் சபைக்கு உழைத்த சென்னைப் பிரமுகர்களில் சுப்பிரமணிய ஐயரும் ஒருவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொதுவாழ்வு

1884-ல் சென்னை மகாஜன சபையை ஏற்படுத்தியவர்களில் இவர் ஒருவர். 1885 டிசம்பர் மாதம் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் எழுபத்திரண்டு பேர். அதில் முதல் தீர்மானத்தைக் கொண்டு வரும் பெருமை முப்பது வயதே ஆன இந்தத் தஞ்சை உபாத்தியாயருக்குக் கிடைத்தது. இந்தியாவின் ஆட்சி எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

பிற்காலத்தில் அப்படி ஒரு கமிஷன் இந்தியாவின் வரவு செலவைப் பற்றி லண்டனில் விசாரணை நடத்தியது. 1897-ல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் சுப்பிரமணிய ஐயரும் கப்பல் ஏறிச் சென்று சாட்சியம் கொடுத்தார். வரி கொடுப்பவன் யார், அதைச் செலவழிப்பவன் யார், செலவால் பயன் பெறுபவன் யார் என்று பேரேட்டைப் புரட்டுவது போல் கேட்ட கேள்விகள் அவருடையவை. இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி 1903-ல் ஒரு நூலும் வெளியிட்டார்.

சொந்த வீட்டில் ஒரு சோதனை

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. தன் வீட்டில் நடத்திக் காட்டுவது கடினம். ஐயருடைய மூத்த மகள் சிறு வயதிலேயே விதவையானாள். அக்காலத்து அவருடைய ஜாதி வழக்கப்படி அப்பெண்ணுக்கு மறுமணம் என்ற பேச்சே கூடாது. தலையை மழித்து, ஒரு மூலையில் உட்கார வைத்து விடுவார்கள். விதவை மறுமணம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதி வந்தவர் இப்போது என்ன செய்யப் போகிறார் என்று ஊர் பார்த்துக் கொண்டிருந்தது.

1889-ல் பம்பாயில் காங்கிரஸ் கூடியபோது அங்கேயே அப்பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்தார். ஜாதியார் அவரைத் தள்ளி வைத்தார்கள். உறவினரும் விலகினார்கள். சமூக சீர்திருத்தத்தைப் பற்றி அவர் காரமாக எழுதியது பிடிக்காமல் சந்தாதாரர்களும் குறைந்தார்கள். விதவை மறுமணத்துக்குத் தடை இல்லாத நம் சமுதாயத்தில் பிறந்தவர்களுக்கு இச்செய்கையின் கடினம் சட்டென்று விளங்காது. தன் மகளின் வாழ்வா, தன் வியாபாரமா என்று வந்தபோது மகளின் வாழ்வைத் தேர்ந்த தகப்பன் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

கூட்டு முறிந்தது

இனி நாம் சொல்லப் போவது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி.

ஐயரின் பேனா கூர்மையானது. அதிகாரிகள் மீதும் பிரமுகர்கள் மீதும் குற்றம் கண்டால் பெயரைச் சொல்லி எழுதி விடுவார். விளைவு, பத்திரிகை மீது பல வழக்குகள் வந்தன. வழக்கில் ஜெயித்தாலும் தோற்றாலும் வக்கீலுக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒரு பக்கம் சந்தா குறைவு, மறு பக்கம் வழக்குச் செலவு. கடன் ஏறியது.

கடன் ஏறினால் கூட்டாளிகளின் மனமும் மாறும். எழுதுகிறவர் உண்மையைக் குறைக்க மாட்டேன் என்கிறார். பெட்டியைப் பார்க்கிறவர் நாளைக்குக் காகிதம் வாங்கப் பணம் எங்கே என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. இருபது வருஷம் ஒன்றாக உழைத்த நண்பர்கள் 1898-ல் பிரிந்தார்கள். வீரராகவாச்சாரியார் 'ஹிந்து'வின் தனிச் சொந்தக்காரரானார். கருணாகர மேனோன் பத்திராதிபரானார். அதன் பின்பும் கஷ்டம் தீரவில்லை. 1905-ல் ஹைகோர்ட்டு வக்கீலும் பத்திரிகையின் சட்ட ஆலோசகருமாக இருந்த கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். அப்பத்திரிகை இன்றும் சென்னையிலிருந்து வெளிவருகிறது.

ஒன்றே முக்கால் ரூபாய் முதல் எழுபத்தையாயிரம் ஆயிற்று என்று கணக்கெழுதினால் பெரிய லாபம் போலத் தோன்றும். ஆனால் அந்த லாபம் விதை போட்டவர் கைக்கு வரவில்லை. அவர் தம் பங்குக்கு எடுத்துக் கொண்டு வெளியேறியது, யாரும் பெரிதாக மதிக்காத ஒரு தமிழ்ப் பத்திரிகையை மட்டுமே.

சுதேசமித்திரன்

அந்தத் தமிழ்ப் பத்திரிகைதான் 'சுதேசமித்திரன்'. லிட்டன் பிரபுவின் அடக்குமுறைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882-ல் எடுத்து விட்டார். அதே ஆண்டில் ஐயர் இதை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார். ஆங்கிலம் படித்தவர்கள் தமிழ்ப் பத்திரிகையைக் கையில் வைத்துக் கொள்ளவே வெட்கப்பட்ட காலம் அது. 1898-க்குப் பிறகு முழு நேரத்தையும் இதற்கே கொடுத்து, 1899-ல் தினசரியாக்கினார்.

இங்கேதான் அவர் நம் போன்றவர்களுக்கு மிகவும் அருகில் வருகிறார். ஹைகோர்ட்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஆனால் அதனால் நிலத்தை இழப்பவன் அல்லது மீட்பவன் தமிழ் மட்டும் தெரிந்த குடியானவன். கடனைப் பற்றிய சட்டமும் கூட்டு வியாபாரத்தைப் பற்றிய சட்டமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவனோ தமிழ்ச் சிட்டை எழுதும் கடைக்காரன். தனக்கு விலங்கு மாட்டப் போகிற சொல் இன்னதென்று தெரியாமலே ஒருவன் கோர்ட்டில் நிற்கிறான். வக்கீல் குமாஸ்தா சொன்னதே அவனுக்கு வேதவாக்கு. அரசியல், பொருளாதாரம், சட்டம் ஆகியவற்றைத் தமிழில் சொல்ல முடியும் என்று தினந்தோறும் சொல்லிக் காட்டியது 'சுதேசமித்திரன்'. நடை சில சமயம் கரடுமுரடாகத்தான் இருந்தது. பாதை இல்லாத காட்டில் முதலில் நடப்பவன் கால் கல்லில் இடிக்கத்தான் செய்யும்.

1904-ல் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி என்ற வாலிபர் இப்பத்திரிகையில் உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தார். தந்திச் செய்திகளையும் ஆங்கிலப் பிரசங்கங்களையும் தமிழாக்குவது அவர் வேலை. பாரதி பத்திரிகைத் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்றது ஐயரிடம்தான். அபிப்பிராய பேதத்தால் அவர் பின்னர் வேறு பத்திரிகைக்குப் போனார் என்றாலும், ஐயர்தான் தம்மைத் தொழிலில் பழக்கியவர் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

ராஜத்துரோக வழக்கு

1905-க்குப் பிறகு சுதேசி இயக்கம் பரவியது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். அதில் எண்ணாயிரம் பங்கு, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டு என்ற முஸ்லிம் வியாபாரி வாங்கினார் என்பது நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய செய்தி. இந்த இயக்கத்தை ஐயர் ஆதரித்தார். முன்பு மகஜர் எழுதிப் பார்ப்போம் என்றிருந்தவர் இப்போது சுடச்சுட எழுதவும் பேசவும் தொடங்கினார். வயது ஐம்பது கடந்து, உடம்பில் தீராத தோல் வியாதியும் வந்து விட்ட சமயம் அது.

1908 மிகவும் கொடிய ஆண்டு. ஜூலை மாதம் சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் ஹைகோர்ட்டு அதைக் குறைத்தது. அதே மாதம் பம்பாய் ஹைகோர்ட்டில் திலகருக்குப் பத்திரிகையில் எழுதியதற்காக ஆறு வருஷ தண்டனை கிடைத்து, மாந்தலே சிறைக்கு அனுப்பப்பட்டார். 1897-ல் இதே திலகர் முதன் முறை ராஜத்துரோக வழக்கில் சிக்கியபோது ஜாமீன் கொடுத்து அனுப்பிய ஜட்ஜு பத்ருத்தீன் தையப்ஜி. அவர் 1906-லேயே காலமாகி விட்டார். காற்று மாறி இருந்தது.

அந்த ஆண்டிலேயே, உடல் நலத்துக்காகக் குற்றாலத்தில் தங்கி இருந்த சுப்பிரமணிய ஐயரைப் போலீசார் கைது செய்தார்கள். குற்றம் ராஜத்துரோகம். முப்பது வருஷமாகக் கோர்ட்டு விவகாரங்களைப் பற்றி எழுதி வந்தவர் இப்போது கைதியாக நின்றார்.

சிறை வாசம் என்றால் அந்த உடம்புக்கு மரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இனி நன்னடத்தையாக இருப்பதாக உறுதி கொடுத்த பின் அவரை விட்டு விட்டார்கள். தீவிர இயக்கத்தினருக்கு இது வருத்தம் அளித்தது. சிதம்பரம் பிள்ளை செக்கிழுக்கப் போனாரே, இவர் கையெழுத்துப் போட்டு வந்து விட்டாரே என்று சிலர் குறை கூறினார்கள்.

நாம் இதை எப்படி எடை போடுவது? உறுதி கொடுத்தார் என்பதை மறைத்துப் புகழ்ந்தால் அது பொய்க் கணக்கு. உறுதி கொடுத்தார் என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக் கொண்டு முப்பது வருஷத்தை அடித்து விட்டால் அதுவும் பொய்க் கணக்கு. பற்றும் வரவும் இரண்டையும் எழுதித்தான் பாக்கி பார்க்க வேண்டும். ஜாதி தள்ளி வைத்தபோது அஞ்சாதவர், கூட்டு முறிந்தபோது அஞ்சாதவர், கடன் ஏறியபோது எழுத்தைக் குறைக்காதவர், கடைசியில் வியாதியால் நைந்த ஒரு உடம்பின் முன் தோற்றார். அந்த ஒரு தோல்வியைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் தாங்கள் அதே வயதில், அதே நோயில் என்ன செய்வோம் என்று ஒரு நாழிகை யோசிக்கட்டும்.

கடைசிக் காலம்

அதன் பின் ஐயர் பழைய வேகத்தில் எழுதவில்லை. நோய் முற்றியது. 1915-ல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையை ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, அறுபத்தொன்றாவது வயதில் காலமானார். ஆண்டவர்களின் பட்டமோ, பெரிய பங்களாவோ, பாங்கில் தொகையோ தேடி வைக்கவில்லை. அவருடன் பத்திரிகை ஆரம்பித்த சட்ட மாணவர்கள் வக்கீல்களாகி வாழ்ந்தார்கள். பேனாவை விடாமல் பிடித்தவர் அவர்.

நமக்குப் பயன்

வியாபாரிகளாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, முதல் சிறியது என்று நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது. எண்பது பிரதிதான் அச்சிட்டார்கள். நம் சங்கத்தின் இச்சிறு பத்திரிகையும் பெரிய முதலில் நடப்பதன்று.

இரண்டாவது, கூட்டு வியாபாரத்தில் எழுதும் கையும் எண்ணும் கையும் ஒன்றையொன்று மதிக்க வேண்டும். ஐயரும் வீரராகவாச்சாரியாரும் இருவருமே நல்லவர்கள். இருவரும் நல்லவர்களாக இருந்தும் கூட்டு முறிந்தது. ஆகவே கடன் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். ஏறிய பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

மூன்றாவதுதான் முக்கியம். கோர்ட்டு என்பது வக்கீலுக்கும் ஜட்ஜுக்கும் மட்டும் உரிய இடம் அன்று. அங்கே நடப்பதைத் தெரிந்து கொள்ளாத சமுதாயம் தெரிந்தவர்கள் கையில் பொம்மையாக இருக்கும். நம்மில் எத்தனை பேர் கையெழுத்துப் போடும் பத்திரத்தை முழுவதும் படித்துப் பார்க்கிறோம்? படிக்கத் தெரியாவிட்டால், படித்துச் சொல்லும்படி எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால் மரியாதைக் குறைவு என்று வாய் மூடி இருந்து, பிறகு வீட்டையும் கடையையும் விட்டுக் கொடுத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். புரியாததைப் புரியும் மொழியில் சொல்லும்படி கேட்பதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. திருவையாற்று முன்சீப் கோர்ட்டு வக்கீலின் மகன் பள்ளிக்கூட வேலையை விட்டு, ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் தொடங்கி, ஆயுள் முழுவதும் பாடுபட்டது அந்த உரிமைக்காகவே.

நம் பிள்ளைகளில் ஒருவனாவது சட்டம் படித்து, படித்ததைத் தமிழில் நம் கடை வாசலில் வந்து சொல்லுவானானால், அவர் பட்ட பாட்டில் நமக்கும் ஒரு பங்கு கிடைத்ததாகும்.